தாமான் வீடுகளின் பராமரிப்பு விதிகளை நடைமுறைப்படுத்துவது எப்படி? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: வாரத்தில் ஒரு நாள் டிரசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், வருவார். வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போகமாட்டார். வீட்டுக்குப் பின்னால் சென்று, சாக்கடையில் தண்ணீர் ஓடுகிறதா, தொட்டியில் புழு நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பார். குறை இருந்தால் அன்று மாலைக்குள் அது கிராணியின் (தோட்ட அலுவலக எழுத்தரின்) காதுக்கு எட்டிவிடும். சுண்ணாம்பு அடிப்பதும், ஓட்டைத் தகரத்தை மாற்றுவதும், லாலான் புல்லை வெட்டுவதும் நிர்வாகத்தின் வேலையாகவே இருந்தன. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களை விட்டு வெளியேறி, சேமித்த பணத்தில் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குறைந்த விலை வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்களுக்கு அந்தக் கண்காணிப்பு ஒரே நாளில் நின்றுபோனது. வீடு சொந்தமாயிற்று, ஆனால் அடுத்த வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது, யார் எந்த அதிகாரத்தில் சொல்வது என்ற கேள்விக்குப் பல தாமான்களில் இன்றும் தெளிவான பதில் இல்லை.

எங்கள் தாமானின் குடியிருப்பாளர் சங்கத்தில் ஒன்பது ஆண்டுகள் செயலாளராகப் பணியாற்றியதில் நான் கற்றுக்கொண்டவற்றை, இப்பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்காக எழுதுகிறேன். இவற்றில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சங்கத்தின் பலம் அபராதத்தில் இல்லை. யார் வீட்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதிலும், பார்த்ததைத் தேதியிட்டு எழுதி வைப்பதிலுமே அது இருக்கிறது.

அதிகாரம் யாருடையது?

குடியிருப்பாளர் சங்கம் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறும் அமைப்பாகும். ஏழு பேர் சேர்ந்தாலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற பிறகு கூட்டம் கூட்டலாம், உறுப்பினர்களிடம் சந்தா வாங்கலாம், சங்கத்தின் பெயரில் நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதலாம். ஆனால் தனி நிலப்பட்டா உள்ள தரை வீட்டின் உரிமையாளருக்கு அபராதம் விதிக்கவோ, அவருடைய அனுமதியின்றி வளாகத்துக்குள் நுழைந்து பொருள்களை அகற்றவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. 1975இல் தொடங்கப்பட்டு, இப்போது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கச் சமூக அமைப்புக்கும் அந்த அதிகாரம் கிடையாது. எனினும் அயலார் சச்சரவுகளைப் பேசித் தீர்க்கப் பயிற்சி பெற்ற சமூக நடுவர்கள் அதில் இருக்கிறார்கள். பலர் இதை அறியாமலே காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள்.

உண்மையான அதிகாரம் ஊராட்சி மன்றத்திடம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் ஒரு வளாகம் பிறருக்குத் தொல்லையாகவோ சுகாதாரக் கேடாகவோ இருந்தால், அதைச் சீர்செய்யும்படி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரத்தை மன்றத்துக்கு வழங்குகிறது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இரண்டு இடங்களில் நமக்கு நேரடியாகப் பயன்படுகிறது. அதன் 46ஆம் பிரிவு பொது இடத்தில் சுவரோ வேலியோ எழுப்புவதையும், சாலையோரத் திறந்த சாக்கடையை அனுமதியின்றி மூடுவதையும் குற்றமாக்குகிறது. 70ஆம் பிரிவின்படி கட்டடத்தில் கூடுதல் கட்டுமானம் செய்ய வரைபட அனுமதி வேண்டும். கொசுப் பெருக்கம் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பொறுப்பில் வரும். ஒரு வளாகத்தில் ஏடிஸ் கொசுவின் புழு கண்டுபிடிக்கப்பட்டால் வழக்கமாக விதிக்கப்படும் சமரசத் தொகை (வழக்குக்குப் போகாமல் கட்டித் தீர்க்கும் அபராதம்) 500 ரிங்கிட். காய்ந்த இலைகளையும் குப்பையையும் கொல்லையில் கொளுத்துவது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் துறை கவனிக்க வேண்டிய குற்றமாகும்.

குப்பை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. கெடா, ஜொகூர், நெகிரி செம்பிலான் போன்ற மாநிலங்கள் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதால், அங்குள்ள உறவினர் சொல்லும் அலுவலகத்தையும் நடைமுறையையும் இங்கே பின்பற்ற முடியாது. பேராக் அச்சட்டத்தை ஏற்கவில்லை; இங்கே குப்பைப் புகாரும் நகராண்மைக் கழகத்துக்கே செல்ல வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளுக்கும், ஸ்திராத்தா பட்டா (பொது இடங்களைப் பகிரும் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகத் தரப்படும் பட்டா) பெற்ற வேலியிட்ட குடியிருப்புகளுக்கும் விதி வேறு. அங்கே 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டமும் அதன் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் நடைமுறையில் உள்ளன. கூட்டு நிர்வாகக் குழு அல்லது நிர்வாகக் கழகம் துணைவிதிகளை நிறைவேற்றி, பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி அபராதமும் விதிக்கலாம். கூடுதல் துணைவிதி இயற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பும் நான்கில் மூன்று பங்கு வாக்குகளும் தேவை. பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் இருந்தால் 14 நாள் அவகாசத்துடன் எழுத்துமூலம் கோர வேண்டும்; தாமதத்துக்கான வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; தீராத வழக்குகளில் 2,50,000 ரிங்கிட் வரையிலானவற்றை ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றம் விசாரிக்கும். ஆகவே விதி எழுத உட்காரும் முன் உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பார்த்து, அது எந்த வகை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தரை வீட்டுச் சங்கங்கள் சில, ஸ்திராத்தா குடியிருப்பின் துணைவிதிகளை அப்படியே நகலெடுத்து அபராதப் பட்டியல் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர் போதும், அந்தப் பட்டியலோடு சங்கத்தின் மதிப்பும் சரிந்துவிடும்.

விதிகளைக் குறைவாக எழுதுங்கள்

எங்கள் சங்கத்தின் முதல் விதிப்பட்டியலில் இருபத்து மூன்று விதிகள் இருந்தன. வாசற்கதவின் நிறம், துணி காயப்போடும் இடம், பூச்சட்டியின் உயரம் என்று மனத்தில் பட்டதையெல்லாம் எழுதியிருந்தோம். ஒருவரும் பின்பற்றவில்லை, பின்பற்றாதவர்களிடம் சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் அவற்றை ஐந்தாகக் குறைத்தோம்: சாக்கடையில் தண்ணீர் தடையின்றி ஓட வேண்டும், தண்ணீர் தேங்கும் பாத்திரம், டயர், தகரம் எதுவும் திறந்த வெளியில் கிடக்கக்கூடாது, புல் முழங்கால் உயரத்தைத் தாண்டக்கூடாது, பின்சந்துக்குள் கட்டடமோ பொருளோ நீளக்கூடாது, குப்பை கட்டிய பையில், தொட்டிக்குள் இருக்க வேண்டும். இவற்றில் நான்குக்கு மேலே சொன்ன சட்டங்களில் ஏதோவொன்று துணை நிற்கிறது. புல்லின் உயரம் மட்டும் நாங்களே வைத்துக்கொண்ட அளவு. கண்ணால் பார்த்தே முடிவு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே முழங்காலை அளவாக வைத்தோம். ‘அசிங்கமாக இருக்கக்கூடாது’ என்று எழுதினால், எது அசிங்கம் என்ற சண்டையிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

விதிகளைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து, வந்தவர்களின் ஒப்புதலைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுங்கள். சீனக் குடும்பங்கள் இருந்தால் அவர்களுள் ஒருவரைச் செயற்குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்புதல் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் பிற்பாடு ஒருவரிடம் பேசப் போகும்போது, ‘நீங்களும் கை தூக்கிய விதிதானே, அண்ணே’ என்று சொல்ல முடிவதற்கு அது உதவும்.

பார்வையிடுதல்

மாதத்தில் ஒரு நாள், மாலை ஐந்தரைக்கு மேல், இருவராகச் சென்று எல்லாத் தெருக்களையும் பார்வையிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதிப்படுத்த வேண்டிய நாள் ஒன்று வரும். சாலையிலிருந்தும் பின்சந்திலிருந்தும் தெரிவதை மட்டுமே பாருங்கள். வேலியை எட்டிப் பார்ப்பது அயல்வீட்டுப் பெண்களுக்குச் சங்கடம் தரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டு எண், தேதி, கண்டது, அளவு என நான்கு கட்டங்கள் போதும். அளவு மிக முக்கியம். ‘சாக்கடை அடைப்பு’ என்று எழுதுவதற்கும், ‘பின்பக்கச் சாக்கடையில் ஆறடி நீளத்துக்கு மண், ஒரு சாண் ஆழம், மேலே பச்சைப் பாசி, தண்ணீர் அசையவில்லை’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை, மன்றத்து அதிகாரி அந்தக் காகிதத்தை வாசிக்கும்போதுதான் உணர்வீர்கள்.

செயற்குழு உறுப்பினர்களின் வீடுகளிலிருந்தே தொடங்குங்கள். எங்கள் முதல் சுற்றில், அப்போதைய தலைவரின் வீட்டுச் சமையலறை நீட்டிப்பின் தூண் ஒன்று பின்சந்துக்குள் இரண்டடி வந்திருந்தது. மழை பெய்தால் அந்தத் தூணில் குப்பை சிக்கி, கீழ்வரிசையிலுள்ள மூன்று வீடுகளின் பின்வாசலுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதை எழுதாமல் அடுத்த வீட்டுக்குச் சென்றிருந்தால் சங்கம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் தூணை இடித்து உள்ளே தள்ளிக் கட்ட ஏழு மாதங்களாயின. ஆனால் அந்த ஏழு மாதங்களும் நோட்டில் அவருடைய வீட்டு எண் மாதந்தோறும் எழுதப்பட்டு வந்தது. பிறகு யாரும் எங்களிடம், ‘ஆள் பார்த்து எழுதுகிறீர்கள்’ என்று சொல்லவில்லை.

கடிதத்துக்கு முன் நேரில் பேசுங்கள்

இங்கே நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு கோடிவீட்டு முற்றம் முழுதும் துருப்பிடித்த தகரமும், பால்டின்னும், உடைந்த நாற்காலிகளுமாக இருந்தன. சிவப்பு எழுத்தில் ‘நோட்டிஸ்’ என்று தலைப்பிட்டு மலாயில் அச்சடித்த கடிதத்தை அந்த வீட்டுக் கம்பிக்கதவில் செருகிவிட்டு வந்தேன். மூன்று வாரங்களாகியும் மாற்றமில்லை. நேரில் சென்றபோதுதான், அங்கே தனியாக வாழ்வது நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டி (ரப்பர் பால் எடுத்து) ஓய்வுபெற்ற ஒரு பாட்டி என்பதும், பழைய இரும்புக்காரரிடம் விற்பதற்காகவே அவர் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்பதும், அந்தக் கடிதத்தை வங்கிக் கடிதம் என்று பயந்து சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார் என்பதும் தெரியவந்தன. “தோட்டத்துல டிரசர் வந்து வாயால சொல்லிட்டுப் போவாரு தம்பி, செஞ்சிருவோம். இங்க நீ காயிதத்த வச்சிட்டுப் போனா எனக்கு என்னா தெரியும்?” என்றார். மறுவாரம் இரும்புக்காரரின் லாரியை நாங்களே வரவழைத்தோம். சாமான்களுக்குக் கிடைத்த விலையைப் பாட்டியின் கையில் கொடுத்தோம். முற்றம் ஒரே பகலில் காலியாயிற்று.

ஆகவே முதல் அடி எப்போதும் நேர்முகப் பேச்சாகவே இருக்கட்டும். வயதில் மூத்தவர் வீட்டுக்குச் சங்கத்தின் மூத்தவரையும், பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குச் செயற்குழுவில் உள்ள அக்கா ஒருவரையும் அனுப்புங்கள். குறையைச் சொல்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். புல் வெட்ட ஆளில்லை, ஆள் கூலிக்குப் பணமில்லை, நோயாளியைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பவையே பெரும்பாலான பதில்கள். இவை விதிமீறலாகத் தெரிந்தாலும் உண்மையில் உதவி தேவைப்படும் இடங்கள். சங்கம் ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை வாங்கி இரவலாகக் கொடுத்தாலே பாதிக் குறிப்புகள் நோட்டிலிருந்து மறைந்துவிடும்.

பேசிய பிறகும் இரண்டு வாரங்களில் மாற்றமில்லையென்றால் மட்டும் கடிதம் எழுதுங்கள். குற்றம் சாட்டும் சொற்கள் இல்லாமல், இப்படி இருந்தால் போதும்:

“அன்புடையீர், இம்மாதம் 3ஆம் தேதி மாலை தங்கள் வீட்டின் பின்பக்கச் சாக்கடையில் ஏறக்குறைய ஆறடி நீளத்துக்கு மண் தேங்கியிருப்பதைக் கண்டோம். இதனால் கீழ்ப்பக்க வீடுகளில் தண்ணீர் ஏறுகிறது. 10ஆம் தேதி தங்களிடம் நேரில் தெரிவித்தோம். வரும் 31ஆம் தேதிக்குள் மண்ணை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆள் உதவி தேவைப்பட்டால் சங்கத்தைத் தொடர்புகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நிலைமை மாறாவிட்டால், நகராண்மைக் கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழியிருக்காது.”

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் பெற்றவரின் கையொப்பத்தையும் தேதியையும் வாங்குங்கள். அவர் கையொப்பமிட மறுத்தால், கொடுத்த நேரத்தையும் உடனிருந்தவரின் பெயரையும் எழுதி வையுங்கள். தாமானின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அந்த வீட்டின் படத்தை ஒருபோதும் போடாதீர்கள். ஒரு படம் போட்டால் நாற்பது கருத்துகள் வரும்; அவற்றில் ஒன்று அவதூறு வழக்குக்குக் காரணமாகலாம். அதைவிட, அவமானப்பட்ட ஒருவர் சாக்கடையைச் சுத்தம் செய்ய மாட்டார்; வீம்புக்காகவே விட்டுவைப்பார்.

மன்றத்துக்குச் செல்லும்போது

புகாரை மலாயில் எழுதுங்கள். முகவரி, கண்ட தேதிகள், அளவு, தேதி தெரியும் படங்கள், சங்கம் அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். சாத்தியமானால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதையும் குறிப்பிடுங்கள். பின்சந்துக் கட்டுமானம் கட்டடப் பிரிவுக்கும், குப்பையும் புதரும் சுகாதாரப் பிரிவுக்கும் செல்லும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே மேசை மாறி மேசை அலையும். புகாரின் குறிப்பு எண்ணைப் பெறாமல் முகப்பை விட்டு நகராதீர்கள். பதினான்கு நாள்களுக்குப் பிறகு அந்த எண்ணோடு மறுபடியும் செல்லுங்கள். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் கொடுங்கள். நம் நாட்டில் 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்ட பிறகு மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். வாக்குக்காகத் தேடி வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாததால், நாம்தான் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்தாம் மிகக் கடினமானவை. சிங்கப்பூரிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோர் இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றிருப்பார்கள். கொல்லையில் கொடி கூரைவரை ஏறியிருக்கும். பக்கத்து வீட்டாரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் விசாரித்தாலே பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், பட்டா எண் தெரிந்தவர் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி உரிமையாளரின் பெயரைத் தேடிப் பெறலாம். மதிப்பீட்டு வரிக் கணக்கில் உள்ள முகவரி நகராண்மைக் கழகத்திடம் இருக்கும்; அதை நமக்குத் தரமாட்டார்கள் என்றாலும் அந்த முகவரிக்கு அவர்களே அறிவிப்பு அனுப்புவார்கள்.

தொழிலாளர் விடுதியாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டக் குத்தகையாளர்கள் மூன்றறை வீடு ஒன்றில் பதினைந்து பேரைத் தங்கவைப்பது இந்த வட்டாரத்தில் உண்டு. குப்பை நிரம்பி வழிவதைப் பார்த்து அந்தத் தொழிலாளர்களிடம் சத்தம் போடுவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. நம் தாத்தாக்களும் இப்படி நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டவர்களே. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புத் தரச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் இல்லாமல் முதலாளி யாரையும் தங்கவைக்க முடியாது. எனவே முதல் கடிதம் வீட்டு உரிமையாளருக்கும் குத்தகையாளருக்கும், அடுத்தது தொழிலாளர் துறைக்கும் செல்ல வேண்டும். இரண்டு பெரிய குப்பைத்தொட்டிகளை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குப்பை லாரி வரும் நாள்களை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

காவலரும் தடுப்புக் கம்பமும் வைத்திருக்கும் தாமான்களில், சந்தா கட்டாதவரைப் பணிய வைக்க வழியை மறிக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். டி'வில்லா ஈக்வெஸ்திரியா என்ற குடியிருப்பைப் பற்றிய வழக்கில் 2015இல் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அங்கே காவல் ஏற்பாட்டுக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி இருந்தது. சந்தா கட்டாதவர் தாமே கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்ததே தவிர, அவருடைய வழி அடைக்கப்படவில்லை. அந்த இரண்டும் இல்லாத இடத்தில் அத்தீர்ப்பைக் காட்டிப் பேச முடியாது.

சாலையோர ஒதுக்கு நிலத்தில் வேப்பமரத்தடியில் வைத்த சூலமோ சிறு மாடமோ விதிக்குள் வருமா என்று ஒவ்வொரு தாமானிலும் கேட்பார்கள். அது மன்றமும் நில அலுவலகமும் முடிவு செய்ய வேண்டிய விஷயம். சங்கம் அகற்றவும் கூடாது, பெரிதாகக் கட்டத் துணை நிற்கவும் கூடாது. சாக்கடையில் பூமாலையும் எண்ணெய்க் குப்பியும் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் வழிபடுவோரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆண்டின் பெரிய துப்புரவைத் தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முன் வையுங்கள். அப்போதுதான் வீடுகளில் வெள்ளையடிப்பும் பழைய சாமான் ஒழிப்பும் நடக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களின் பெருமழைக்கு முன் சாக்கடைகளும் திறந்துவிடும். ரோரோ தொட்டிக்கு (லாரியில் ஏற்றி வரும் பெரிய குப்பைத்தொட்டிக்கு) மன்றத்தில் ஒரு மாதம் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதால், துப்புரவு முடிந்த ஏழாம் நாள் மறுபடியும் ஒருமுறை சுற்றி வாருங்கள்; ஒதுக்கி வைத்த பழைய டயரிலும் கவிழ்க்க மறந்த வாளியிலும் தண்ணீர் நிற்பது அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

குறை தீர்ந்த வீட்டின் எண்ணுக்கு நேரே தேதியிட்டு, ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, அந்த வீட்டாருக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நோட்டுப் புத்தகங்கள், கடித நகல்கள், மன்றத்தின் குறிப்பு எண்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். செயலாளர் மாறும்போது அந்தக் கோப்பைக் கூட்டத்தில் வைத்தே கைமாற்றி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். எங்கள் தாமானின் கோப்பில் முதல் தாளாக இருப்பது, பாட்டியின் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து திரும்பப் பெற்ற அந்தச் சிவப்பு எழுத்துக் கடிதம். புதிதாக வருபவர் அதை வாசித்த பிறகே அடுத்த தாளைப் புரட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.